கிழிந்த வலைகளைக் கரையிலேயே தடுத்து நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, பன்னாட்டுக் கடலோரத் தூய்மை நாளன்று, கையுறை போட்ட மாணவர்கள் சாக்குப் பையோடு நிற்கும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. நல்ல பணிதான். பிள்ளைகள் கடலைக் கவனிக்கப் பழகுகிறார்கள். ஆனால் அந்தப் பைகளில் சேர்வது பெரும்பாலும் தேநீர்க் கோப்பை, தண்ணீர் பாட்டில், தின்பண்ட உறை. பக்கத்திலேயே மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்) வலையை யாராவது இழுத்துப் பார்ப்பார்கள். வராது. விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அடுத்த பருவமழையில் மணல் அரிக்கும்போது அந்த வலை கடலுக்குப் போய்ச் சேரும்.

வட பசிபிக்கில் சுழலும் குப்பைப் பரப்பை அளந்து 2018இல் வெளியான ஆய்வு, அங்குள்ள பிளாஸ்டிக்கின் எடையில் 46 விழுக்காடு மீன்பிடி வலை என்று கண்டது. அது நடுக்கடல் கணக்கு. நம் கரையோரத்தில் ஆறும் ஓடையும் கொண்டுவந்து தள்ளும் வீட்டுக் குப்பைதான் அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிலோ தின்பண்ட உறையும் ஒரு கிலோ வலையும் கடலுக்குள் ஒரே அளவு கேடு செய்வதில்லை. வலை பிடிப்பதற்கென்றே செய்த பொருள். உடையவர் கையை விட்டுப் போன பிறகும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

கடலடியில் விரிக்கும் நண்டு வலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்கயிற்றில் மிதவை, கீழ்க்கயிற்றில் ஈயக்குண்டு, நடுவில் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத நைலான் கண்ணி. அறுந்து தொலைந்த பிறகும் அது நிமிர்ந்தே நிற்கும். மீன் சிக்கிச் சாகும். செத்த மீனைத் தின்ன வரும் நண்டும் சிக்கும். சிக்கியவற்றின் பாரத்தில் வலை மெல்லச் சாயும், பாசி படரும், கண்ணி வெளியே தெரியத் தொடங்கியதும் மீன் விலகிப் போகும். இப்படி அடங்கிவிட்ட வலையைப் புயலோ பேரலையோ உருட்டிப் பவளப் பாறைத் திட்டான பார் மீது போட்டால் அடுத்த கேடு ஆரம்பம். அலைக்கு அலை அது பவளத்தின் உயிர்ப்படலத்தை உரசித் தேய்க்கும், மான்கொம்பு போலக் கிளைக்கும் அக்ரோபோரா வகைகளை ஒடிக்கும், வெளிச்சத்தை மறைக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகள் 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறி வெளுத்துப் போனவை. அவற்றின் மேல்தான் இந்தச் சுமையும் விழுகிறது. நைலான் 600 ஆண்டு அழியாது என்று சுவரொட்டிகளில் போடுகிறார்கள். அது வெறும் கணிப்பு, அதை நம்பி வாதாட வேண்டியதில்லை. நைலான் மட்காது, நூல் இழையாகவும் இழை துகளாகவும் உடையும் என்பதே போதுமான காரணம்.

வலை கடலில் குப்பையாவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தொலைவது: பாரில் மாட்டி அறுவது, நீரோட்டம் இழுத்துப் போவது, விசைப்படகு இழுத்துச் செல்லும் பை வலையான இழுவை மடி குறுக்கே போய் அறுத்துவிடுவது. மற்றது, உழைத்துத் தேய்ந்த வலையைக் கரையில் போட்டுவிடுவது. முதலாவதை முழுமையாக ஒழிக்க முடியாது. வலைதான் மீனவரின் மூலதனம், அதை யாரும் வேண்டுமென்று தொலைப்பதில்லை. இரண்டாவதை ஒழிக்க முடியும், அதிகச் செலவும் ஆகாது. அரசும் தொண்டு அமைப்புகளும் கடலுக்குள் மூழ்கி வலை எடுப்பதற்குக் காட்டும் ஆர்வத்தில் பாதியைக் கரையில் காட்டினால் பலன் பல மடங்கு கிடைக்கும் என்பதே இந்தக் கடிதத்தின் கோரிக்கை.

வலை கட்டும் இடத்தை, அதாவது கிழிசலைச் சரிசெய்யும் இடத்தை, சற்று நேரம் கவனித்தால் போதும். கிழிந்த இடத்தில் அப்படியே புதுக் கண்ணி போட முடியாது. ஓட்டையின் விளிம்பு ஒழுங்குக்கு வரும்வரை, சுற்றியுள்ள நல்ல கண்ணிகளையும் கொஞ்சம் வெட்டி எடுத்த பிறகே ஊசி ஓட்ட முடியும். வெட்டிய ஒவ்வொரு துண்டும் விரல் நீளம், அரை விரல் நீளம். நிறமற்ற தங்கூசி மணலில் விழுந்தால் மறுபடி கண்ணில் படாது. கூட்டிப் பெருக்கவும் முடியாது, காற்றும் மழையும் அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். இதற்கு மருந்து எளியது. வலை கட்டுபவருக்கு அடியில் கருநிற விரிப்பு ஒன்று, ஏறத்தாழ 3 மீட்டருக்கு 4 மீட்டர், நான்கு மூலையிலும் மணல் மூட்டை. கருநிறத்தில் தங்கூசித் துண்டு பளிச்சென்று தெரியும். மாலையில் விரிப்பை மடித்து உதறினால் எல்லாம் ஒரே சாக்கில் சேரும். பின்னிய தார்ப்பாய் இதற்கு ஏற்றதல்ல. வெயிலில் சில மாதங்களில் அதுவே நாராய் உதிர்ந்து புதுக் குப்பையாகும். கிழித்து எறியப்படும் பிளக்ஸ் பேனரின் பின்பக்கம் கறுப்பாக இருந்தால் அதுவே போதும். ஆனால் அதுவும் விளிம்பில் பொரிந்து உரியத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும்.

முழு வலை கழிவதைப் பார்ப்போம். உழைத்து முடிந்ததும் மேல்கயிறு, கீழ்க்கயிறு, மிதவை, ஈயம் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த வலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். மிஞ்சுவது வெறும் கண்ணிதான். இழுவை மடியின் தடித்த பாலிஎத்திலீன் வலைக்கும் கயிற்றுக்கும் பழைய சாமான் கடையில் விலை உண்டு. மெல்லிய தங்கூசிக்கு, அதுவும் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டதற்கு, கேட்பார் குறைவு. அதனால் புதைக்கிறார்கள், அல்லது எரிக்கிறார்கள். நைலானில் நைட்ரஜன் இருப்பதால் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு உள்ளிட்ட நச்சு வாயுக்கள் வரும். எரிப்பவருக்கும் அருகில் விளையாடும் குழந்தைக்கும் அது நேரடிக் கேடு. எரிந்து மிஞ்சும் கரிக்கட்டி மறுபடி கடலுக்கே போகிறது.

சென்னைக் காசிமேட்டில் பழைய வலைகளை எடைக்கு வாங்கிக்கொள்ளும் மையத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியிருக்கிறது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இந்த மாநிலத்தின் கடற்கரை 1,076 கிலோமீட்டர், கடல் மீனவ ஊர்கள் 608. ஐந்து கிலோ கிழிசல் வலையைச் சுமந்துகொண்டு யாரும் பேருந்து ஏறமாட்டார்கள். மீன் ஏலம் விடும் இடத்திலேயே தராசு இருக்க வேண்டும். மையங்களைப் பெருக்கும்போது எங்கே தடுக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஏனெனில் இத்தகைய திட்டங்கள் ஆர்வக் குறைவால் படுப்பதில்லை. தரம் பிரிக்கத் தெரியாமல் படுத்துவிடுகின்றன.

வலை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் அல்ல. தங்கூசியும் முறுக்கு நூல் வலையும் நைலான். இழுவை மடி பாலிஎத்திலீன். கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். நைலான் 6 உருக 220 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும், பாலிஎத்திலீன் 130 டிகிரி அளவிலேயே உருகிவிடும். இரண்டையும் சேர்த்து உருக்கினால் ஒன்றோடொன்று கலக்காது. வார்த்தெடுக்கும் பொருள் ஏடு ஏடாக உரிந்து வரும். பிரிக்காத மூட்டையை மறுசுழற்சி ஆலை திருப்பி அனுப்பிவிடும், அல்லது அடிமாட்டு விலை சொல்லும். தூய நைலான் 6 மூட்டைக்கோ நல்ல மதிப்பு உண்டு. அதை வேதிமுறையில் காப்ரோலாக்டம் என்ற மூலப்பொருளாகவே திருப்பி, மறுபடி புது நூலாக இழுக்க முடியும்.

பிரிப்பதற்கு ஆய்வகம் தேவையில்லை, இரண்டு வாளி போதும். முதல் வாளியில் நல்ல தண்ணீர். ஒவ்வொரு வலையிலும் உள்ளங்கை அளவு துண்டு வெட்டிப் போட வேண்டும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பாலிஎத்திலீனின் அடர்த்தி 0.95 அளவு, பாலிபுரொப்பிலீன் 0.91 அளவு. இரண்டும் மிதக்கும். நைலான் 1.14, மூழ்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணி முடிச்சுகளில் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் நைலானும் மிதக்கும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, துண்டை நீருக்குள் வைத்தே நன்றாகக் கசக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். மூழ்கியதெல்லாம் நைலான் என்றும் முடிவு கட்டக்கூடாது. பாலியெஸ்டர் கயிறும் மூழ்கும், அதன் அடர்த்தி 1.38. அதற்குத்தான் இரண்டாம் வாளி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 350 கிராம் கல்லுப்பைக் கரைத்தால் அடர்த்தி 1.2ஐ நெருங்கும். அந்த உப்புநீரில் நைலான் மிதக்கும், பாலியெஸ்டர் மூழ்கும். உப்பளம் நிறைந்த தூத்துக்குடிக் கரையில் கல்லுப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் வலை கட்டும் பெண்களே இதைத் துல்லியமாகச் செய்துவிடுவார்கள். பெரும்பாலும் கையில் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வாளி சந்தேகத்துக்கு மட்டும்.

அடுத்தது ஈயம். கீழ்க்கயிற்றில் ஒரு குண்டு தப்பிப் போனாலும் ஆலையின் துண்டாக்கும் பொறியில் கத்தி பழுதாகும், பிளாஸ்டிக்கிலும் ஈயம் கலக்கும். எனவே தராசில் ஏற்றுமுன் கீழ்விளிம்பு முழுவதையும் கையால் உருவிப் பார்க்க வேண்டும். கழற்றிய ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கிக் குண்டு வார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயத்தை மையமே எடைக்கு வாங்கிக்கொண்டால் இந்தத் தீமையும் சேர்ந்து ஒழியும். தெர்மோகோல் மிதவைகளைத் தனிச் சாக்கில் கட்ட வேண்டும். வலையோடு சேர்ந்தால் உடைந்து, வெண்மணிகளாக எங்கும் ஒட்டிக்கொள்ளும்.

கழுவுவது தண்ணீர்ச் செலவுள்ள வேலை. கடலோரத்தில் நல்ல தண்ணீர் விலைபோகும் பொருள். ஆகவே முதலில் தண்ணீரே இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் உலர்த்தித் தட்டினால் சிப்பி, சேறு, மணல், பாசி பெரும்பகுதி உதிர்ந்துவிடும். பிறகு ஒரே ஒரு முறை தொட்டியில் ஊறவைத்து அலசினால் போதும். அலசிய நீரை நேரே சாக்கடையில் விடக்கூடாது. நெருக்கமான துணியில் வடிகட்டாவிட்டால், கடலைக் காக்க எடுத்துவந்த வலையின் இழைகளை நாமே கடலுக்கு அனுப்புவோம். வெயிலில் குவித்து மாதக்கணக்கில் போட்டுவைப்பதும் தவறு. வெயில் பட்ட நைலான் பலமிழந்து பொடியாகும், ஆலைக்கும் பயன்படாது. கூரை வேண்டும்.

துண்டாக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நீள வலையை அப்படியே பொறியில் விட்டால் சுழலும் தண்டில் நூற்கண்டாகச் சுற்றிக்கொண்டு பொறியை நிறுத்திவிடும். கையாலோ வெட்டுப்பொறியாலோ முதலில் அரை மீட்டர், ஒரு மீட்டர் நீளத்துக்கு நறுக்க வேண்டும். பிறகு அழுத்திக் கட்ட வேண்டும். அழுத்தாத வலையில் பாதிக்கு மேல் காற்று. லாரி வாடகை கொடுத்துக் காற்றை ஏற்றி அனுப்புவதாகும். போக்குவரத்துச் செலவே வலையின் விலையைத் தின்றுவிடும். இராமநாதபுரத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வலை அனுப்பக் கட்டுப்படியாகுமா என்பதை முடிவு செய்வது, மாவட்டத்துக்கு ஓர் அழுத்து பொறி இருக்கிறதா என்பதுதான்.

விலையையும் கவனமாக வைக்க வேண்டும். உலர்ந்த எடைக்கே பணம் தர வேண்டும். ஈர வலையை நிறுத்தால் தண்ணீருக்கும் மணலுக்கும் காசு கொடுத்துக்கொண்டிருப்போம், ஒரு மாதத்தில் திட்டம் நொடிக்கும். விலை மிகக் குறைவாக இருந்தால் யாரும் வரமாட்டார்கள். மிக அதிகமானால் நல்ல வலை திருட்டுப் போகும். பணத்தை அன்றே கையில் தர வேண்டும். வங்கிக் கணக்கில் வரும் என்று சொல்லி மாதம் கடத்தினால் அடுத்த வலை மணலுக்குள்தான் போகும். ஊரில் ஏற்கெனவே பழைய சாமான் வாங்குபவரை ஒதுக்கிவைக்கவும் கூடாது. அவருக்கு வண்டி இருக்கிறது, வீடு வீடாகப் பழக்கம் இருக்கிறது. தரம் பிரித்துக் கொண்டுவந்தால் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று அவரையும் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை.

எப்போது தொடங்குவது? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், இயந்திரம் பழுது பார்க்கப்படும், மடிகள் அவிழ்த்துப் புதுப்பிக்கப்படும். ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும் கழிவு வலை, அந்த இரு மாதங்களில் துறைமுகத்தில் ஒரே இடத்தில் குவிகிறது. கன்னியாகுமரி மேற்குக் கரையில் இதே நிலை ஜூன், ஜூலையில். ஆனால் வலைச் சேகரிப்பு முகாம்களைக் கடலோரத் தூய்மை நாளை ஒட்டிச் செப்டம்பரில் வைக்கிறார்கள். அப்போது படகுகள் கடலில் இருக்கும், பழைய வலை மணலுக்குள் இருக்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடைக்காலம் இல்லை என்பதால் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் தராசு வேண்டும். பெரும் மூட்டை கிடைப்பது மட்டும் தடைக்காலத்தில்தான்.

இனி, தொலைந்த வலைகள். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. கரையோரப் பகுதியில் விசைப்படகு நுழையக்கூடாது என்று 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. இவை மீறப்படும்போதெல்லாம் விரித்த வலை அறுபடுகிறது. எல்லைக்கு அப்பால் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் நம் பக்கத்து இழுவைப் படகுகளால் வலை இழக்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அவர்களும் கடன் வாங்கி வலை வாங்கும் தமிழர்களே. அங்கே அறுபடும் வலை இரு நாட்டுக்கும் பொதுவான கடலிலேயே கிடந்து, இரு கரையின் மீனையும் கொல்கிறது. கைவிடப்பட்ட வலையைக் குறைக்கும் எந்தத் திட்டமும் இழுவை மடிப் பிரச்சினையைப் பேசாமல் முழுமையடையாது.

நார்வேயில் தொலைந்த வலையை மீட்க முயல்வதும், முடியாவிட்டால் அறிவிப்பதும் மீனவரின் கடமை. அறிவிப்பில் வரும் இடங்களைக் கொண்டு அந்நாட்டு மீன்வளத் துறை 1980களிலிருந்து ஆண்டுதோறும் படகு அனுப்பி வலைகளை மீட்டுவருகிறது. நம்மிடம் ஜிபிஎஸ் இல்லாத விசைப்படகே அரிது. தொலைந்த இடம், ஆழம், வலையின் வகை, நீளம், மிதவை இருக்கிறதா, அன்றைய நீரோட்டத் திசை ஆகிய ஆறு விவரங்களைத் தொலைபேசியில் சொன்னால் போதும் என்ற நிலை வேண்டும். முதல் ஓரிரு நாளுக்குள் தேடினால் மணல் தரையில் பாதாளக் கரண்டியை (கயிற்றில் கட்டிய பல கொக்கிக் கருவியை) இழுத்தே வலையை மாட்டி எடுத்துவிடலாம். பார் மீதும் கடற்புல் தாழையின் மீதும் அதை இழுக்கவே கூடாது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததே கடற்பசுவையும் அது மேயும் அந்தத் தாழையையும் காக்கத்தான். தொலைத்ததைச் சொன்னால் அபராதமோ விசாரணையோ வரும் என்ற அச்சம் இருக்கும்வரை யாரும் சொல்லமாட்டார்கள். தண்டனை இல்லை என்பதை எழுத்தில் தர வேண்டும்.

பவளப் பாறையில் சிக்கிய வலையை எடுக்கும் தன்னார்வக் குழுக்கள் பெருகுகின்றன. மகிழ்ச்சிதான், கவலையும் உண்டு. தவறாக எடுத்தால் பார் சிதையும், மூழ்குபவர் உயிரும் போகும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. அதற்கு முன்பே அருகிலுள்ள ஊரில் கேட்க வேண்டும், அது யாரோ நேற்று விரித்த வலையாகவும் இருக்கலாம். இருவர் இருவராகவே மூழ்க வேண்டும், மேலே படகில் ஒருவர் விழித்திருக்க வேண்டும், இயந்திரம் அணைந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் வெட்டும் கருவி இரண்டு, வலது கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று, இடது கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று. கூர்முனைக் கத்தியைவிட மழுங்கிய முனையுள்ள மருத்துவக் கத்தரிக்கோல் தங்கூசிக்கு நல்லது. நீரோட்டம் வரும் பக்கத்திலிருந்துதான் வலையை அணுக வேண்டும். மறுபக்கம் போனால் நீரோட்டம் வலையை நம் மேலேயே சுற்றிவிடும். வலைக்கு அடியில் ஒருபோதும் நுழையக்கூடாது.

எடுப்பதில் நடக்கும் பெரிய தவறு, இழுப்பது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பத்தடி தள்ளி ஒரு கிளைப்பவளம் ஒடியும். இழுப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. சிறு சிறு பகுதியாக வெட்டி, சுருட்டி, கண்ணிப் பைக்குள் திணித்துக்கொண்டே போக வேண்டும். பவளம் வலையின் மேலேயே வளர்ந்து மூடியிருந்தால் அந்தப் பகுதியைச் சுற்றி வெட்டி அப்படியே விட்டுவிட வேண்டும். பிடுங்கினால் இலாபத்தைவிட நட்டம் அதிகம். ஈயக் கயிற்றை முதலில் வெட்டிவிடுவது இன்னொரு தவறு. மிதவைகள் வலையைச் சட்டென்று மேலே தூக்க, மூழ்கியவர் அதற்குள் மாட்டிக்கொள்வார். தூக்கும் காற்றுப் பையை வலைப் பையில்தான் கட்ட வேண்டும், உடம்பில் அல்ல.

எடைக் கணக்கும் ஏமாற்றும். பத்துக் கிலோ நைலான் கடலுக்குள் ஏறத்தாழ ஒரு கிலோ பாரம்தான் காட்டும். நீர்மட்டத்துக்கு மேலே வந்ததும் பத்துக் கிலோவோடு சேறும் சிப்பியும் பிடித்துவைத்த தண்ணீரும் சேரும். கீழே லேசாக இருந்ததே என்று பெரிய மூட்டையாகக் கட்டிச் சிறு பைபர் படகின் ஒரே ஓரத்தில் ஏற்றினால் படகு கவிழும். இருபது கிலோவுக்கு மேல் ஒரு மூட்டை வேண்டாம். மேலே வந்ததும் முதல் வேலை, கண்ணிகளைப் பிரித்து உயிரோடிருக்கும் நண்டையும் மீனையும் நட்சத்திர மீனையும் கடலில் விடுவது. ஆமையின் துடுப்பில் நூல் ஆழமாகப் பதிந்திருந்தால் உருவி இழுக்கக்கூடாது. தொங்கும் வலையை மட்டும் வெட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். எடுத்த வலையைக் கரையில் குவித்துப் படம் பிடித்துவிட்டுப் போவதும் நடக்கிறது. தராசுக்குப் போகாத வலை எடுக்கப்பட்ட வலையே அல்ல.

பணம் யார் தருவது? பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் 2022இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறை, பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக்கை மட்டுமே பிடிக்கிறது. பிஸ்கட் உறை செய்பவர் கணக்குக் காட்ட வேண்டும், டன் கணக்கில் நைலான் வலை செய்பவர் காட்ட வேண்டியதில்லை. இந்த ஓட்டையை ஒன்றிய அரசு அடைக்க வேண்டும். வலை செய்யும் ஆலைகள் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் உள்ளன, நாகர்கோவில் வட்டாரத்திலேயே பல. தெருவில் போகும் உறையை யார் செய்தார் என்று தேடுவதைவிட இது எளிது. விளிம்பு நூலில் ஆலைக்கு ஒரு நிறம் என்று சேர்த்துப் பின்னிவிட்டால் கிழிசலைப் பார்த்தே எந்த ஆலை என்று சொல்லிவிடலாம். மிதவைக் கயிற்றில் மட்டும் வில்லை கட்டினால் பயன் இல்லை. கிழிந்து போகும் கண்ணித் துணியில் அடையாளமே இருக்காது. வலைகளுக்கு அடையாளமிடும் நெறிமுறையை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு 2018இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த அடையாளம் மீனவரைத் தண்டிக்கப் பயன்படக்கூடாது.

மீனவர் தலையில் விலை ஏறாமலிருக்க, திரும்பக் கிடைக்கும் முன்பணம் ஒரு வழி. நீலகிரியில் 2022இல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் வந்தது. காட்டில் பாட்டில் சிதறுவதைத் தடுக்கச் செய்ததைக் கடலுக்கும் செய்யலாம். புது வலை விற்கும்போது கிலோவுக்கு இவ்வளவு என்று ஆலையிடம் வாங்கி, பழைய வலை தராசுக்கு வரும்போது மீனவரிடம் தர வேண்டும். புயலில் தொலைந்ததை முறையாக அறிவித்தவருக்கும் அது கிடைக்க வேண்டும், இல்லையெனில் பேரிடரில் இழந்தவர் இரு முறை இழப்பார்.

படகில் சேரும் உணவுப் பொட்டலம், பாட்டில், வலையில் ஏறும் பிளாஸ்டிக் ஆகியவற்றுக்குக் கேரளத்தின் நீண்டகரையில் 2017இல் தொடங்கிய சுசித்வ சாகரம் என்ற திட்டம் நல்ல முன்மாதிரி. மீனவர்கள் கொண்டுவருவதைப் பெண்கள் கழுவிப் பிரிக்கிறார்கள், துண்டாக்கியது சாலைக்குத் தாரோடு கலக்கப் போகிறது. வலைக்கும் அதே கூரையைப் பயன்படுத்தலாம், தொட்டியும் பொறியும் மட்டும் வேறு.

மீன்வளத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் அடுத்த தடைக்காலத்துக்கு முன், மார்ச் மாதத்துக்குள், இராமேசுவரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர் துறைமுகங்களிலாவது தராசு, கூரை, அலசும் தொட்டி, அழுத்து பொறி ஆகிய நான்கையும் வைத்துவிட வேண்டும். விலையை ஏலக் கூடத்துச் சுவரில் எழுதிப் போட வேண்டும். வாங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் தேதி, வலை வகை, உலர் எடை எழுதிய ரசீது தந்து, மாத இறுதியில் அந்தக் கணக்கைத் துறைமுகத்திலேயே ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கடலோர வலைக்கழிவுப் பணியில் உள்ளோர்,
தூத்துக்குடி.